இடது கைக்கு ஒரு வழி

சித்திரை வெயிலில் போர்வை தைக்கிறவளைப் பார்த்து
ஒத்தக்கடை சிரித்தது.
"அடைக்கியக்கா, மூளை உருகிப்போச்சா?"
என்றான் பால் பூத் சௌந்தரு.

அவனுக்கென்ன தெரியும்.
டயாலிசிஸ் வார்டில் வருஷம் பூராவும் மார்கழி.
செவ்வாய், வியாழன், சனி,
நாலு மணி நேரம்
ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டு
குளிர்ந்துபோய் வீடு திரும்பும்.
என் வீட்டுக்காரருக்குப் பல் தந்தியடிக்கும்.
பெரியாஸ்பத்திரிப் போர்வை
முழங்காலை மூடினால் தோளைத் திறந்துவிடும்.

என் தையல்கடையில் வெட்டுத்துணிக்குப் பஞ்சமில்லை.
முதலில் யானைமலை.
போன ஜூனில் உயரம் குறைத்த
பதினோரு பள்ளிக்கூடப் பிள்ளைகளின்
சாம்பல்நிறக் கால்சட்டை நுனிகள்.
தும்பிக்கையை நீட்டிப் படுக்க வைத்தேன்.

"தலைய மாத்தி வச்சிருக்க" என்றார்
ஊசி ஏறிய கையை அசைக்காமல்.
"மேலூர்லருந்து வர்றப்ப இப்பிடியா தெரியும்?"
பிரித்தேன்.
முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷனிடம்
திசையில் வாதாட முடியாது.

ராசாளிக்கு ஏட்டய்யாவின் பழைய காக்கி.
வௌவால்களுக்குக் கம்பி ஒடிந்த குடை.
வைகைக்கென்று நீலப்பட்டு ரெண்டு முழம்
ஆசையாக எடுத்து வைத்திருந்தேன்.
"அம்புட்டுத் தண்ணிய எங்கடி பாத்த?
ஒரு வெரக்கடை போதும்."
மீதி ஆற்றுக்கு லைனிங் துணி, மணல் நிறம்.
அதன்மேல் பச்சை நூலில்
ஆகாயத்தாமரையை அப்பிக் காட்டினேன்.
அந்த வாரத்தில் அன்றைக்குத்தான் சிரித்தார்.

அழுங்கு மட்டும் அவராகக் கேட்டது.
ஒரு ராத்திரி அரிட்டாபட்டி விலக்கில்
ஹெட்லைட்டுக்குப் பயந்து பந்தாகச் சுருண்டதாம்.
என்ஜினை ஓடவிட்டபடி, விளக்கை மட்டும் அணைத்து,
அது அவிழ்கிற வரை காத்துக்கிடந்தாராம்.
கிளீனர் பையன் திட்டித் தீர்த்தானாம்.
என் கல்யாணப் புடவையின் ஜரிகையை
நகம் நகமாக நறுக்கிச் செதில் வைத்தேன்.
எதற்கு எடுத்தேன் என்று அவர் கேட்கவில்லை.

கிழக்கு மூலை காலியாக இருந்தது.
யாரோ வாங்க வராத சஃபாரித் துணியில்
செம்பழுப்பாய் ஒரு மலை வைத்தேன்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
மிஷினில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.
"அது இல்ல."
"எது இல்ல?"
"அந்த மலை. பாதி இல்ல.
நான்தான ஏத்திட்டுப் போனேன்.
தூத்துக்குடிக்கு. நடைக்கு ரெண்டு கல்லு."
அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கத்தரியை எடுப்பதும் வைப்பதுமாக
மூன்று நாள் போயிற்று.
தைத்ததைப் பிரிக்கலாம்,
வெட்டியதை என்ன செய்ய?

ரீட்டா சிஸ்டர்தான் முடித்து வைத்தார்.
"போர்வை ஜோரு. ஆனா
ஊசி போட்ட கை வெளிய தெரியணும்மா.
மூடிட்டா, ரத்தம் கசிஞ்சாக்கூடக் கண்ணுக்குத் தெரியாது."

அன்று ராத்திரி அளந்து கோடு போட்டு
கல்லை அறுக்கிற மாதிரியே
நேராக, சதுரமாக,
மலையின் வயிற்றில் வெட்டினேன்.
நூல் பிரியாமலிருக்க
ஓரம் பூராவும் கையால் காஜா எடுத்தேன்.
விடிந்துவிட்டது.

சனிக்கிழமை
மலை இல்லாத இடத்தின் வழியாக
அவருடைய இடது கை வெளியே வந்தது,
ரெண்டு சிவப்புக் குழாய்களோடு.
ஒன்றும் சொல்லவில்லை.
துணியின் விளிம்பைக் கட்டைவிரலால்
ஒரு சுற்று தடவினார்.

நான் முழங்கைக்குப் பக்கத்தில் விரல் வைத்தேன்.
ஆபரேஷன் பண்ணி இணைத்த நரம்பு
தோலுக்கடியில் உறுமிக்கொண்டேதான் இருக்கும்,
ரோட்டோரம் நிறுத்தி
அணைக்காமல் விட்ட வண்டி மாதிரி.

நாலாம் படுக்கை முபாரக் பாய்
எட்டிப் பார்த்து விலை கேட்டார்.
அவருக்குக் கடல் வேண்டுமாம்.
தைக்கலாம்.
வைகைக்கு வேண்டாமென்ற பட்டு
அப்படியே இருக்கிறது.